பன்னிரண்டாம் வரைவு

முதல் வரைவில் நான் போனை எடுத்தேன்.
இரண்டாவதிலும் எடுத்தேன்,
கை ஈரம், அதனால் மூன்றாம் மணிக்குத்தான் என்று.
ஐந்தாவதில் பற்றரி செத்துப்போயிருந்தது.
எட்டாவதில் நான் நல்ல தூக்கம்,
காய்ச்சல் மருந்து குடித்திருந்தேன்,
மருந்தின் பெயரைக்கூடப் போட்டேன்.

யதார்த்த நாவல்.
எட்மன்டன், மைனஸ் முப்பத்தொன்று: சரி.
வைட்மட் சாலையில் மணல் தூவிப்போன லொறி: சரி.
பின்னேரம் நாலரைக்கே இருட்டிய வானம்,
குப்பைத்தொட்டியில் சண்டை பிடித்த மாக்பை:
எல்லாம் சரி.
நான் மட்டும் பொய்.

பூதம் ஒரு வியாழக்கிழமை வந்தது.
எங்கள் மாடிக்குப் பின்னால்
எஞ்சின் உறையாதிருக்க
மூக்கில் வயர் செருகி
சுவரோடு கட்டிக் கிடக்கும் கார்கள்.
அந்த வரிசையின் கடைசியில்
கார் அல்லாத ஒன்று
அதே மாதிரி வயர் செருகிப் படுத்திருந்தது.
மேலெல்லாம் பனி.
வயிற்றுக்குள் எங்கோ
மணி அடித்துக்கொண்டிருந்தது.

எவரும் எடுக்காத அழைப்புகளைத்
தின்று வாழும் பூதம் என்று எழுதினேன்.
வாரம் ஒருமுறை அதன் வயிற்றைக் கழுவுவது
என் நாயகிக்கு வேலை.
மாநகர சபைச் சம்பளம், ரப்பர் கையுறை,
பல் வைத்தியத்துக்குக் காப்புறுதியும் உண்டு.
கழுவக் கழுவ அகப்படும்:
கடன்காரனின் இருமல்,
தவறான எண்ணில் அழுதவன்,
"ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்" என்று
யாரோ ஒருவரின் தாய்.

குலநாயகம் அண்ணர் வாசித்துவிட்டுச் சொன்னார்:
"நல்லா எழுதுறாய் பிள்ளை.
ஆனா உதென்ன பூதமும் கீதமும்?
சின்னப்பிள்ளையளுக்கே?
நடந்ததை எழுதன்."
நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.
சீனி காணாது என்றார்.

நாற்சந்தியில் நின்ற பழைய பூதம்
பொய்ச்சாட்சி சொன்னவரைத் தின்னுமாம்.
என்னுடையது அவ்வளவு நேர்மையானதில்லை.
அது கேட்டுக்கொண்டிருக்கும்.
அவ்வளவுதான்.

பதினேழாம் அத்தியாயம்.
வயிற்றின் ஆழத்து மடிப்பில்
ஒன்றோடொன்று ஒட்டி உறைந்த மூன்று அழைப்புகளைக்
கண்டெடுக்கிறாள்.
அவள் என்ன செய்யவேண்டும் என்று
மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்:
கேட்கிறாள். அழுகிறாள். விடிகிறது.

எழுதும்போது அவள் கையுறையைக் கழற்றினாள்.
மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப்
பெயரைப் பார்த்தாள்.
வடிவாகப் பார்த்தாள்.
பிறகு கவிழ்த்து வைத்தாள்.
"இந்த ஒரு வேலை முடியட்டும்" என்றாள்,
என் குரலில்.

நான் நாற்காலியை விட்டு எழும்பிக்
குசினிக்குப் போய்
குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு தடவை எனக்குச் சொல்ல வராததை
இல்லாத ஊரில், இல்லாத மிருகத்தின் வயிற்றுக்குள்
இல்லாத ஒருத்தி
ஒரு வரியில் செய்துவிட்டுப் போனாள்.

பூதம் அவளைத் தின்னும் என்றுதான் நினைத்தேன்.
தின்றிருந்தால் கதை அழகாய் முடிந்திருக்கும்.
அது தன் வயரைத் தானே கழற்றியது,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது,
குளிர விட்டது.

ரூபன் அப்போது ரெட் டீர் தாண்டி வந்துகொண்டிருந்தான்.
கறுப்புப் பனி.
நாவலில் இது இல்லை.
நாவலில் நெடுஞ்சாலையும் இல்லை, தம்பியும் இல்லை.
அட்டையில் 'மாயப் புனைவு' என்று போட்டிருக்கிறார்கள்.
பரவாயில்லை.

நேற்றுப் பனி சுரண்டிக்கொண்டிருந்தபோது
பையில் போன் அடித்தது.
பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றி
முதல் மணியிலேயே எடுத்தேன்.
பல் வைத்தியர் வீட்டு இயந்திரக் குரல்.
செவ்வாய் பத்தரை, மறக்க வேண்டாம்.
ஆங்கிலத்திலும், பிறகு பிரெஞ்சிலும்
அது நன்றி சொல்லி முடிக்கும்வரை
வெறுங்கையோடு நின்று கேட்டேன்.